மைக் மேல் விழுந்த பை

அவரவர் பெட்டியிலிருந்து காற்றலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ கிளப்பில் எல்லோரும் அவரைக் கன்ட்ரோல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான். வாரநாட்களில் அவருக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டித் தேடி, ஊசியைக் குத்தி எடுப்பார். குத்துவதற்கு முன்னால் எல்லோரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். முடிந்ததும் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தவர்கள் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதையே வேறு. கிளப் உறுப்பினர்கள் அவரவர் வீட்டிலும் கடையிலும் ரேடியோ பெட்டியைப் போட்டுவிட்டு அவர் குரலுக்காகக் காத்திருப்பார்கள். அவர் ஒவ்வொருவராக அழைப்பார். அழைக்கப்பட்டவர் வந்து, பெட்டி எப்படி வேலை செய்கிறது, புது ஏரியல் ஏற்றியாயிற்றா, மழைக்குக் கம்பி அறுந்ததா, இடுப்புவலி தேவலையா என்று நாலு வார்த்தை பேசுவார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மைக்கில் இருக்கும் பட்டனை அழுத்தினால் வாய், விட்டால் காது. இரண்டும் சேர்ந்து கிடையாது. யார் வாய், யார் காது என்று முடிவு செய்கிறவர் கன்ட்ரோல் அக்கா. பிசிறு இல்லாத, வெதுவெதுப்பான குரல் அவருக்கு. "வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்துட்டிருக்கோம்" என்று அவர் சொன்னால், சொல்லப்பட்டவருக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும்.

கிளப்பில் ஒரு பேக்கரிக்காரர் இருந்தார். மனைவி இறந்தபிறகு ரத்தக் கொதிப்புக்காகப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தவர். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிலரில் அவர் ஒருவர். அக்காதான் பேச்சுக்கொடுத்து, ரேடியோவில் பேசுவதற்கான பரீட்சை எழுதவைத்து, உரிமம் வாங்கவைத்து, கிளப்பில் சேர்த்துவிட்டார். பேக்கரிக்காரர் கடையில் கல்லாவுக்கு மேலே பலகை அடித்துப் பெட்டியை வைத்துக்கொண்டார். ஞாயிறு மட்டுமல்ல, தினமும் காலையில் அடுப்பு வேலை முடிந்ததும், "நான் இருக்கேன், நான் இருக்கேன். கடை திறந்தாச்சு, கடை திறந்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார். எதையும் இரண்டு தடவை சொல்வது அவர் பழக்கம்.

அக்காவுக்கு இன்னொரு திறமையும் உண்டு. அதை வீட்டு ஆட்கள் மட்டுமே அறிவார்கள். யார் பேசினாலும் அப்படியே பேசிக்காட்டுவார். குரல், இழுப்பு, செருமல், நடுவில் விடும் பெருமூச்சு, எதுவும் தப்பாது. வெளியூரிலிருந்து தங்கை வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். "இந்தத் தடவை யாரு அக்கா?"

அந்த ஞாயிறு தங்கை வந்தாள். அக்கா பஸ் நிலையத்துக்கு வெளியே காரை நிறுத்தி, காரிலிருக்கும் பெட்டியிலேயே அன்றைய அழைப்பை நடத்தி முடித்தார். எல்லோருக்கும் நன்றி சொன்னார். மைக்கைப் பக்கத்து இருக்கையின் ஓரத்தில் போட்டார். தங்கை ஓடிவந்து ஏறி, தன் கனமான பையை இரண்டு இருக்கைக்கும் நடுவே திணித்தாள். பை நேராக மைக்கின் மேல் உட்கார்ந்து பட்டனை அழுத்திக்கொண்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதன்மேல் தங்கை தன் துப்பட்டாவைக் கழற்றிப் போட்டிருந்தாள்.

கார் கிளம்பியது.

"சொல்லு சொல்லு, உன் ஆளுங்க எப்படி இருக்காங்க?"

"அதை ஏன் கேக்கற" என்று அக்கா ஆரம்பித்தார்.

முதலில் கிளப் தலைவரான கண்ணாடிக்கடைக்காரர். அவருக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மூச்சு வாங்கும். அக்கா மூச்சு வாங்கிக் காட்டினார். தங்கை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், அக்காவும் சேர்ந்து மூச்சு முட்டச் சிரித்தார். அடுத்து, எதற்கெடுத்தாலும் "ஆங்?" என்று கேட்கிற தையற்காரம்மா. அப்புறம் பேக்கரிக்காரர்.

"நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்றார் அக்கா, அவர் குரலிலேயே. "பன் ரெடி, பன் ரெடி. தினமும் இதே பாட்டு. பொண்டாட்டி போனதுலேர்ந்து பேச ஆள் இல்ல பாவம். அதுக்கு நம்ம தலைதான் கிடைச்சுதா? பரிதாபப்பட்டு ஒரு தடவை இழுத்து விட்டேன், இப்ப இறக்கி வைக்க முடியல."

கைப்பைக்குள் போன் அடித்தது.

"உன் போன் அக்கா."

"கிளப் ஆளுங்களாத்தான் இருக்கும். ஞாயித்துக்கிழமை ஆனா இவங்களுக்கு வேற வேலை கிடையாது. அடிக்கட்டும், விடு."

அது அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. ஊர் முழுக்கப் பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள், தாங்கள் அடித்த போன் அந்தக் காருக்குள் மணியடிப்பதையும், அதற்கு அக்கா சொன்ன பதிலையும் சேர்த்தே கேட்டார்கள். எச்சரிக்க வேறு வழியில்லை. அக்காவின் பெட்டி பேசிக்கொண்டிருக்கும்வரை அதற்குக் காது கிடையாது. சிலர் இது கேட்கக்கூடாத பேச்சு என்று பெட்டியை அணைத்துவிட்டார்கள். சிலர் அணைக்கவில்லை.

சிரித்து ஓய்ந்த தங்கை கேட்டாள். "இவ்வளவு அலுப்பா இருந்தா ஏன்க்கா போற? விட்டுட வேண்டியதுதானே?"

அக்கா கியரை மாற்றினார். பிறகு சொன்னார். "வேலை பாக்கற இடத்துல என் மூஞ்சியை யாரும் பாக்கறதில்லடி, ஊசியைத்தான் பாக்கறாங்க. இங்க நான் கூப்பிட்டாத்தான் ஒருத்தர் வாயைத் திறக்கணும். அது நல்லாத்தான் இருக்கு."

போகிற வழியில் திரைச்சீலை வாங்கவேண்டும் என்றாள் தங்கை. எந்தக் கடை என்று அக்கா சொன்னதும் எல்லாப் பெட்டிகளிலும் கேட்டது. கடை வாசலில் காரை நிறுத்தியபோது கண்ணாடிக்கடைக்காரரின் ஸ்கூட்டர் குறுக்கே வந்து நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கி வந்தார். அக்கா கண்ணாடியை இறக்கி, ரேடியோவில் பேசுகிற அதே வெதுவெதுப்பான குரலில், "அடடே, வாங்க வாங்க! என்ன இந்தப் பக்கம்?" என்றார்.

அவர் மறுபக்கம் போய்க் கதவைத் திறந்து, தங்கையிடம் "மன்னிக்கணும்மா" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கினார். மைக் தெரிந்தது. துப்பட்டா நழுவி விழுந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது.

அக்கா விளக்கைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி விளக்கைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து?"

"பஸ் நிலையத்துலேர்ந்து." அவருக்கு மூச்சு வாங்கியது. வாங்குவது காதில் விழாமலிருக்க அவர் படும் பாட்டை அக்கா கண்ணால் பார்த்தார். அதற்கப்புறம் அக்காவுக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

பெட்டி இப்போது காதாக மாறியிருந்தது. ஆனால் கேட்க ஒன்றுமில்லை. யாரும் வாய் திறக்கவில்லை. அக்காவின் கை மைக்கின் பக்கம் போயிற்று.

"இப்ப ஒண்ணும் பேசவேண்டாம்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார்.

அன்று திரைச்சீலை வாங்கவில்லை. தங்கை இரண்டு நாள் இருக்க வந்தவள், மறுநாளே கிளம்பிவிட்டாள். போகும்போது, "நான்தான் பையை வச்சேன்" என்றாள். "பை பேசலையே" என்றார் அக்கா.

அவர் கணவர் நல்ல மனிதர். ஆறுதல் சொல்லத் தெரியாதவர். "யாருதான் முதுகுக்குப் பின்னாடி பேசல? உன்னுது வெளிய வந்துடுச்சு, அவ்வளவுதான்" என்றார். அக்காவுக்கு அது ஒட்டவில்லை. பேசியது மட்டுமா? அந்தச் சிரிப்பு! மூச்சு முட்டுகிறவரைப் பார்த்து மூச்சு முட்டச் சிரித்தது. சாப்பிடும்போது அது காதில் கேட்கும், கையில் எடுத்த கவளம் அப்படியே நிற்கும். தெருவில் யாராவது சிரித்தால் உடம்பு கூசும். பெட்டியின் இணைப்பைப் பிடுங்கி வைத்தபிறகும், வீட்டில் யாரைப்பற்றியாவது பேச்சு வந்தால் கண் தானாக அதன்பக்கம் போகும், விளக்கு எரிகிறதா என்று. பரிசோதனைக் கூடத்தில் நோயாளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது முதல்முறையாக அது நிம்மதியாக இருந்தது.

கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த கூரியர் பையன் ஒரு நாள் போன் செய்தான். திட்டப்போகிறான் என்று அக்கா பயந்தார். அவனோ, "எல்லாரையும் பேசினீங்க, என்னை மட்டும் விட்டுட்டீங்களே அக்கா. நான் பேசுறது உங்களுக்கு ஞாபகமே இல்லையா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டான். இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

பேக்கரிக்காரரைப் பார்க்காமல் தீராது. ஒரு சாயங்காலம் கடைக்குப் போனார். நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். வரிசையில் நின்றார். முறை வந்தபோது பேக்கரிக்காரர் நிமிர்ந்து பார்த்து, "என்ன வேணும்?" என்றார். ஒரே ஒரு தடவை.

"ஒரு பிரெட்" என்றார் அக்கா.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாளும் அப்படியே ஆயிற்று. அதற்கடுத்த நாளும். "இந்த வீட்டுல ரெண்டு பேர்தான் இருக்கோம்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார் கணவர், சமையலறை மேடையில் குவிந்த பிரெட்டைப் பார்த்து.

கடைசியில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம் பார்த்துப் போனார். பேக்கரிக்காரர் பின்கட்டில் தகரத் தட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அக்கா அடுப்பறை நிலைப்படியிலேயே நின்று, வீட்டில் ஒத்திகை பார்த்துவைத்ததையெல்லாம் மறந்து, "நான் செஞ்சது ரொம்பக் கேவலம்ண்ணே" என்றார்.

பேக்கரிக்காரர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "நீங்க சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லையே. பேச ஆள் இல்லாமத்தானே வந்தேன்."

"அப்படிச் சொல்லாதீங்க."

"அன்னைக்குக் கடையில நல்ல கூட்டம். பெட்டி ஓடிட்டிருக்கு. நீங்க பேசினதைக் கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க. யாரைச் சொல்றீங்கன்னு அவங்களுக்குத் தெரியல. நான் வாயைத் திறந்து மீதிச் சில்லறை கொடுத்தப்பதான் தெரிஞ்சுது. ஒரு அம்மா சிரிப்பை அடக்கிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க."

அவர் அடுத்த தட்டை எடுத்தார்.

"நான் ரெண்டு தடவை சொல்றேன்னே எனக்குத் தெரியாது" என்றார் அவர், தட்டைத் திருப்பிப் போட்டு. "அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். என் வீட்டுக்காரிக்கு ஒரு பக்கம் காது கேக்காது. அவ எந்தப் பக்கம் நின்னாலும் கேக்கணுமேன்னு எதையும் ரெண்டு தடவை சொல்லிச் சொல்லிப் பழகிட்டேன் போல. அவ போயும் பழக்கம் போகல. இப்ப போயிடுச்சு. வாயைத் திறந்தா எனக்கே கேக்குது, நிறுத்திக்கறேன்."

அக்காவுக்கு அழுகை வந்தது. இங்கே அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்ற, அடக்கிக்கொண்டார்.

"மறுபடி ரேடியோவுக்கு வாங்கண்ணே. நான் அங்க இருக்கமாட்டேன். சத்தியமா."

"பெட்டியை இறக்கி வச்சுட்டேன். கோபமெல்லாம் இல்ல. மன்னிச்சுட்டேன்னு சொல்லலாம். சொன்னா வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குவீங்க. எனக்கு இன்னும் அது வரல. வராம சொல்லக்கூடாது இல்ல?"

"கூடாது" என்றார் அக்கா. அன்று பிரெட் வாங்கவில்லை.

அந்த மாதக் கூட்டத்துக்கு அவர் போனார். கண்ணாடிக்கடையின் மாடியறை. மேஜை மேல் பாதி பிரித்த பெட்டிகளும் கம்பி ஒட்டவைக்கும் சாலிடரின் வாசனையும். அக்கா உட்காராமலே சொன்னார்: உங்க எல்லாரையும் கேலி செஞ்சேன், கூசாம சிரிச்சேன், இனி கன்ட்ரோல் வேலை எனக்கு வேண்டாம். கண்ணாடிக்கடைக்காரர் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையற்காரம்மாதான் முதலில் பேசினார். "என் 'ஆங்' ரொம்பச் சரியா இருந்துச்சும்மா. என் மருமகளும் அதையேதான் சொன்னா." எல்லோரும் சிரித்தார்கள். அது அவரைத் தேற்றுவதற்கான சிரிப்பு. அதனாலேயே அக்காவுக்கு இன்னும் சுட்டது.

கன்ட்ரோல் வேலையை வாரம் ஒருவராகச் செய்வது என்று முடிவாயிற்று. கிளப்பை விட்டு விலகுகிறேன் என்று அக்கா எழுந்தபோது கண்ணாடிக்கடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு, இம்முறை அதை மறைக்காமல், சொன்னார். "விலகிப்போனா உங்களுக்கு நல்லது. எங்க மூஞ்சியைப் பாக்கவேண்டாம். இருங்க. இருந்து பாருங்க."

இருந்தார். ஞாயிறுதோறும் தன் பெயரை யாராவது அழைக்கக் காத்திருந்தார். கூரியர் பையன் அழைக்கும் வாரங்களில் அவன் ஆர்வத்தில் இவரை விட்டுவிடுவான். இவர் எதுவும் சொல்லமாட்டார்.

வருஷத்துக்கு ஒருமுறை கிளப்பில் எல்லோரும் குன்றின்மேல் கூடாரம் போட்டு, பேட்டரியில் பெட்டியை ஓட்டித் தூரத்து நாடுகளைப் பிடிப்பார்கள். அந்த முறை அக்கா போனபோது, ஏரியல் கம்பத்தின் கயிற்றுக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார் பேக்கரிக்காரர். யார் சொல்லி வந்தார் என்று தெரியவில்லை. அக்காவைப் பார்த்து, "வாங்க" என்றார். அவ்வளவுதான். நாள் முழுக்க வேலை செய்தார், எல்லோருக்கும் பன் கொடுத்தார். மைக் பக்கம் மட்டும் போகவில்லை.

மதியத்துக்கு மேல் கடலுக்கு அப்பால் எங்கிருந்தோ ஒரு குரல் மெல்லிதாக வந்தது. கண்ணாடிக்கடைக்காரர் பதில் சொன்னார். எட்டவில்லை. தையற்காரம்மா சொன்னார். எட்டவில்லை. குரல் மங்கிக்கொண்டே போனது. எல்லோர் கண்ணும் அக்காவைத் தேடியது. தெளிவாகப் போய்ச் சேரும் குரல் அங்கே யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா வேண்டாமென்று தலையாட்டிப் பின்வாங்கினார். அவர் பின்னால் பன் கூடையோடு பேக்கரிக்காரர் நின்றிருந்தார்.

"நீங்க பேசுங்க" என்றார் அவர். "அவங்களுக்கு உங்களைத் தெரியாது."

பரிவாகச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று அக்காவுக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்க்கும் துணிவும் இல்லை. முகம் எரிய, குனிந்து மைக்கை எடுத்து, கிளப்பின் பெயரைச் சொல்லி அழைத்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது.