வேஷம் போட்டால்தான் திட்டலாம்

"டேய் பீப்பா! எவன் ஊட்டு சோத்த துன்னு இப்பிடி ஊதிக்கினு வந்து குந்திக்கினு இருக்கிற?"

கேட்டது செங்கம்மா. ஏழு வயது. முகம், கழுத்து, கை எல்லாம் குங்குமத்தை அப்பிக்கொண்டு, இடுப்பில் வேப்பிலைக் கொத்தைச் செருகிக்கொண்டு, பள்ளி ஆண்டுவிழா மேடையிலிருந்து குதித்து இறங்கி நேராக முன்வரிசைக்குப் போய்க் கேட்டாள். கேட்கப்பட்டவர் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். கழுத்தில் போட்ட சம்பங்கி மாலையைக்கூட அவர் இன்னும் கழற்றவில்லை. அதற்கு அடுத்து அந்தக் குழந்தை தெலுங்கில் பொழிந்த நாலைந்து வார்த்தைகளை எழுத எந்தப் பேனாவும் கூசும்.

மேடை ஓரத்தில் தாளம் தட்டிக்கொண்டிருந்த தாட்சாயணி டீச்சரின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

தாட்சாயணிக்கு ஊர் வேலூர். ட்ரெயினிங் முடித்து, இரண்டு வரன்கள் தட்டிப்போய், தமிழும் தெலுங்கும் கலந்த எல்லை ஊரான நகரிக்குத் தற்காலிக டீச்சராக வந்து அப்போது மூன்றாவது வருடம். பாட்டு, டிரில், கோலாட்டம் எல்லாம் அவள் தலையில் விழுந்தன. அவளுக்கோ ஆடத் தெரியாது. ஒரு கும்மிக்குக்கூட அவள் கால் தாளத்தோடு சேராது. அதனால் அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். பிள்ளைகளைத் தறிக்கொட்டகைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். விஜயபுரத்துப் பக்கம் வேர்க்கடலை பிடுங்கும் காட்டு வரப்பில் நிற்க வைத்தாள். நாடோடிச் சுகாலிப் பெண்கள் வளையல் குலுங்க விறகு விற்க வந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள். மஞ்சள் துணி கட்டித் திருமலைக்கு நடக்கிற கூட்டம் கோவிந்தா போட்டுக்கொண்டு போனால் அதையும் காட்டினாள். பிறகு ஒரே கேள்விதான்.

"என்ன பாத்தீங்க? வாயால சொல்லாதீங்க. உடம்பால சொல்லுங்க."

பிள்ளைகள் சொன்னார்கள். நெசவாளிப் பிள்ளைகள் மிதிபலகையை மிதித்தார்கள். காட்டுப் பிள்ளைகள் குனிந்து கொடியைப் பிடுங்கி உதறினார்கள். சுகாலிப் பெண்களின் பாவாடை சுழல்வதை, பாவாடையே கட்டாத பையன்கள் சுழன்று காட்டினார்கள். செங்கம்மா, ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்ப்பவரின் மகள், திருப்பதியிலிருந்து புதிதாக வந்தவள். அவள் நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தமே வராது. அந்தக் கம்பீர நடையைப் பார்த்து தாட்சாயணி ஒத்திகைக்கு ஒத்திகை சிரித்தாள். எல்லாவற்றையும் கோத்து ஒரே ஆட்டமாக்கியதும் பிள்ளைகள்தான்.

சத்தம் இன்றைக்கு வந்துவிட்டது.

"ஏமிட்டம்மா இதி?" என்றார் இன்ஸ்பெக்டர். கோதாவரிப் பக்கத்துக்காரர். ஆந்திரா தனி ராஷ்டிரமான பிறகு இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவர். "யார் கத்துக்கொடுத்தது?" என்று தெலுங்கிலேயே கேட்டார்.

"யாரும் இல்ல சார். பசங்களே கட்டின ஆட்டம்."

"சின்னப் பிள்ளைகள் தானாக டான்ஸ் கட்டுமா?" அவர் சிரித்த சிரிப்பில் அவளுக்கு வேலை போய்விட்டதென்றே தோன்றியது.

அந்த வருடம் நகரியில் சுவருக்குச் சுவர் தார் பூசி, இந்த ஊர் எங்களுக்கே என்று இரண்டு மொழியிலும் எழுதியிருந்தார்கள். ஆண்டுவிழாவிலும் இடதுபக்க பெஞ்சு தமிழ்க்காரர்களுக்கு, வலதுபக்க பெஞ்சு தெலுங்குக்காரர்களுக்கு. இடதுபக்கத்திலிருந்து தறி முதலாளி வேதாச்சலம் எழுந்தார்.

"சார், இது அவுங்க கூத்து. எங்க பசங்களுக்கு இந்த அசிங்கம்லாம் தெரியாது."

வலதுபக்கத்திலிருந்து நூல்கடை சிட்டிபாபு துண்டை உதறினார். தமிழை அரவம் என்றுதான் அவர் சொல்வார். "அரவ டீச்சர் சார் இது. நம்ம ஆபீசர அவமானம் பண்ணணும்னே சொல்லிக்குடுத்துக் கூட்டிக்கினு வந்திருக்குது."

தாட்சாயணி இரண்டு பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செங்கம்மாவை இழுத்து, "என்னடி இது?" என்றாள்.

"எங்க திருப்பதி கங்கம்மா திருவிழா ஜாத்திரையில, குங்குமம் பூசிக்கிற பண்ட வேஷம் இப்பிடித்தான் டீச்சர் திட்டும். திட்டு வாங்கினா நோவு நொடி வராது. பெரிய மனுசன்னுதான் இவர மொதல்ல திட்டினேன்."

"ஒத்திகையில ஒரு வார்த்த சொன்னியா நீ?"

"அப்ப வேஷம் போடலையே டீச்சர்! வேஷம் போடாம திட்டினா பாவம்."

இன்ஸ்பெக்டர் இரண்டு பெஞ்சுகளையும் பார்த்தார். "இப்படி ஒரு வழக்கம் உண்டா?" வேதாச்சலம் தன் செருப்பைப் பார்த்தார். சிட்டிபாபு பந்தல் ஓலையைப் பார்த்தார்.

"ஊர்ப் பெரியவர்கள் ரெண்டு பேர் வந்து ஆமாம் என்று சொல்லட்டும், விட்டுவிடுகிறேன். இல்லையென்றால் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது இந்த டீச்சர் வேண்டாம்."

தாட்சாயணி வேதாச்சலம், சிட்டிபாபு இரண்டு பேர் வீட்டு வாசலிலும் போய் நின்றாள். ஒரு வீட்டில் அய்யா தூங்குகிறார். இன்னொரு வீட்டில் அய்யா ஊரில் இல்லை. சித்திரை கடைசியில், "நீங்களே வந்து கண்ணால பாருங்க டீச்சரம்மா" என்று செங்கம்மாவின் அம்மா ரத்னம்மா அவளையும் மகளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள். ரேணிகுண்டாவில் வண்டி மாறித் திருப்பதி.

கங்கம்மா கோயில் தெரு முழுக்கச் சிவப்பு. உச்சந்தலை முதல் கால்வரை குங்குமம் பூசிய ஆட்கள் நெஞ்சை நிமிர்த்திக் கையை வீசி வந்தார்கள். அதே நடை. துளி பிசகில்லை. எதிர்ப்பட்டவர்களையெல்லாம் திட்டினார்கள். அம்மாவை, அப்பனை, ஏழு தலைமுறையை. திட்டு வாங்கியவர்கள் சிரித்தார்கள். குழந்தையைத் தூக்கி முன்னால் நீட்டி, "இவன ரெண்டு திட்டு சாமி" என்று கெஞ்சினாள் ஒருத்தி. தாட்சாயணிக்குக் காது அடைத்தது.

அப்போதுதான் அவர்களைப் பார்த்தாள். துண்டை இடுப்பில் கட்டி, தலை குனிந்து, கை கூப்பி, பக்கத்துப் பக்கத்தில் இருவர். வேதாச்சலம். சிட்டிபாபு. ஊரில் ஒரே பெஞ்சில் உட்காராத இரண்டு பேரும், வருடா வருடம் வருகிறவர்களின் பழக்கத்தோடு, ஒரே வேஷக்காரனிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் பிடிப்பதற்குள் செங்கம்மா அந்த வேஷக்காரனிடம் ஓடினாள். "அண்ணா! நான் வேஷம் போட்டுத் திட்டினதுக்கு எங்க டீச்சர் வேலை போப்போவுது. இவங்க ரெண்டு பேரும் வழக்கம்னு சொல்லவே மாட்டேன்றாங்க!"

வேஷக்காரன் விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். "அடேய் மூஞ்சூறுங்களா! கொழந்த வாயில வந்தா கசக்குது, என் வாயில வந்தா இனிக்குதா? தெருவுல ஒரு சாமி, பெஞ்சியில ஒரு சாமியாடா ஒங்களுக்கு?" தமிழில் ஒரு சுற்று, தெலுங்கில் ஒரு சுற்று. தெருவே கைகொட்டிச் சிரித்தது. நகரவும் முடியாது, கோபப்படவும் கூடாது, வழக்கம் அப்படி. இரண்டு பேரும் இன்னும் கொஞ்சம் குனிந்தார்கள்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டே வேதாச்சலம் வந்தார். "டீச்சரம்மா, இது ஜாத்திர. அது ஸ்கூலு."

"அங்கயும் கொழந்த வேஷம் போட்டுக்கினுதானே அய்யா திட்டிச்சு?" என்றாள் தாட்சாயணி.

ஜூனில் இன்ஸ்பெக்டர் வந்தபோது அவள் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். ஆனால் தெருவின் ஒரு முனையிலிருந்து வேதாச்சலமும் மறுமுனையிலிருந்து சிட்டிபாபுவும் வந்தார்கள்.

"அது வழக்கம்தான் சார்," என்றார் வேதாச்சலம். "எங்க வழக்கம்."

"ஒங்க வழக்கமா?" சிட்டிபாபு நாற்காலியை விட்டு எழுந்தார். "கங்கம்மா எப்பய்யா அரவம் பேசினா? எங்க தாத்தா காலத்திலேர்ந்து எங்க வழக்கம்யா அது!"

"ஒங்க தாத்தா எங்க ஊட்டுத் தறி வேட்டி கட்டிக்கினுதான்யா ஜாத்திரைக்குப் போனாரு!"

மேஜைமேல் இரண்டு கைகள் ஓங்கித் தட்டின. கண்டு நடுங்கியது இன்ஸ்பெக்டர்தான். "வழக்கமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்!"

"வழக்கம்தான்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவர் தாட்சாயணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நீங்கள் இருங்கள் அம்மா. அடுத்த விழாவுக்கு என் நாற்காலியை மட்டும் கடைசி வரிசையில் போடுங்கள்."

அவள் நம்பமுடியாமல் வராந்தாவுக்கு வந்தாள். ஜன்னல் வழியே சண்டையைப் பார்த்த பிள்ளைகள் அங்கே ஏற்கெனவே இரண்டு வரிசையாகிவிட்டார்கள். இடுப்பில் கை, முன்னால் தள்ளிய வயிறு. ஒரு வரிசை முன்னேறி இல்லாத மேஜையைத் தட்ட, மறு வரிசை பின்வாங்கித் துண்டை உதறியது. தாளம் அப்படியே பொருந்தியது. உள்ளே பெரியவர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை.

வரிசையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தாள் செங்கம்மா.

"டீச்சர், இதுக்குக் குங்குமம் பூசிக்கட்டுமா?"

தாட்சாயணிக்குத் திக்கென்றது.