பிள்ளையார் சுழி போட்ட லிங்க்

போன செவ்வாய்க்கிழமை கிருமாம்பாக்கத்தில் வானம் கறுத்துக்கொண்டு நின்றது. சாமிக்கு விளக்கேற்றிவிட்டு நிமிர்கிறேன்... பக்கத்து வீட்டு வசந்தா போனை நீட்டியபடி ஓடி வருகிறாள்.

"யக்கா, கதிரு பாதி சாஞ்சிடுச்சிக்கா! இன்னிக்கி புக் பண்ணாதான் நாளைக்கி பெல்ட் வண்டி வருமாம். அந்த லிங்க்கு எங்க கீது?"

ஈர வயலில் இறங்கி அறுக்கிற மெஷினைத்தான் பெல்ட் வண்டி என்போம். ஒரு காணி நெல். மழை முந்திக்கொண்டால் அத்தனையும் தண்ணீரில்!

எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு லிங்க் பக்கம் உண்டு. ரேவதி டீச்சர் ஏற்பாடு. அரசாங்க வெப்சைட் எல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் தங்கள் வாயில் வருகிற சொல்லை 'டேக்' ஆக ஒட்டலாம். வாரிசுச் சான்றிதழுக்கு ஒருத்தி "அப்பா போனதுக்கு அப்புறம்" என்று ஒட்டியிருக்கிறாள். எல்லோரும் அப்படித் தேடித்தான் கண்டுபிடிக்கிறார்கள்!

வசந்தா "பெல்ட் வண்டி" என்று தேடினாள். இல்லை. "அறுப்பு மெஷின்"... அதுவும் இல்லை.

விவசாய லிங்க் முப்பதுக்கும் ஒரே மதியத்தில் டேக் ஒட்டியவள் நான்தான். எதற்கு என்ன எழுதினேன்? பத்தாவது படித்த மூளைக்கு ஞாபகம் வந்தால்தானே! பிள்ளையாரப்பா, நீதான் காட்டணும்...

வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். எழுத உட்கார்ந்தால் முதலில் 'உ' போடுகிற பழக்கம் அவளுக்கும் உண்டு. போட்டாள். அவசரத்தில் விரல் தேடும் பட்டனில் பட்டுவிட்டது.

முப்பது லிங்க்கும் வரிசையாக வந்து விழுந்தன!

ஆமாம்... மளிகை லிஸ்டுக்கே பிள்ளையார் சுழி போடுகிறவள் நான். ஒவ்வொரு லிங்க்குக்கும் முதல் டேக் 'உ' தான். "இது என்ன டேக்கா, கல்யாணப் பத்திரிகையாம்மா? அழிச்சிடுங்க" என்று டீச்சர் சொல்லியிருந்தார். நல்லவேளை, மறந்துபோனேன்.

பட்டியலின் நடுவில் இருந்தது - 'வேளாண் இயந்திரங்கள் வாடகை முன்பதிவு'. அதற்கு நான் ஒட்டிய இன்னொரு டேக்? 'டிராக்டர்'. அவ்வளவுதான்!

"டிராக்டரா? அடிப்பாவி யக்கா!" அழுதவள் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே வண்டி வந்தது. கடைசி மூட்டை வீட்டுக்குள் போன பிறகுதான் முதல் தூறல். சாமி கண் திறந்துதான் இருக்கிறார்!

ஆபீஸில் ஒரு பேர் வைக்கிறார்கள். தவிக்கிறவள் வாயில் வேறு பேர்தான் வருகிறது. அந்தப் பேரை, அடுத்து வருகிறவளுக்காக எழுதி வைப்பதும் கோயிலில் ஒரு விளக்கு ஏற்றுகிற மாதிரிதானே?

அன்று மழையை வேடிக்கை பார்த்தபடியே வசந்தா டேக் ஒட்டினாள். பெல்ட் வண்டி, கதிர் அறுப்பு, சேத்துல எறங்கும்... அவள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"எனக்கும் ஒண்ணு ஒட்டி வையிடி. தேட வசதியா இருக்கும்."

"உனக்கு எதுக்குய்யா? டீக்கடைன்னு தேடுனா வந்துடப்போற!"