பூக்கடை அக்கா செய்த விளம்பரம்

நான் எழுதிய முகூர்த்த நாள்காட்டி ஆப்பைப் பார்த்துத்தான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை அக்கா கல்யாண மாலைக்கு ஆர்டர் எடுக்கிறார். இன்று அவருடைய இருபது ரிங்கிட் ஆண்டுச் சந்தா முடிந்தது. ஆப்பிலேயே கட்டப் போனவரைத் தடுத்தேன்.

"அதுல கட்டாதீங்கக்கா. இருபது வெள்ளியில மூணு வெள்ளிய ஆப் ஸ்டோர்காரன் எடுத்துக்குவான். என்கிட்ட நேரா கட்டுனா பதினெட்டுதான்."

"நானும் இந்த எடத்துக்கு வாடகை கட்டுறேன்ல தம்பி? கடை அவனுது, கேக்கத்தான் செய்வான்."

"வாடகை சரிக்கா. ஆனா நேரா கட்டுனா மலிவுன்னு ஆப்புக்குள்ள நான் எழுதக்கூடாதாம். எழுதுனா ஆப்பையே தூக்கிருவான்."

அக்கா கையிலிருந்த சரத்தைக் கீழே வைத்தார்.

"வாயப் பொத்திக்கிட்டு யாவாரம் பண்ணணுமா? இது அநியாயம் லா!"

உடனே வரிசையின் கடைசிக் கடைக்குக் கேட்கும்படி கத்தினார்.

"ஏய் செல்வி! நாள் பாக்குற ஆப்புக்குத் தம்பிகிட்டயே கட்டு! ரெண்டு வெள்ளி கம்மி!"

கால் மணி நேரத்தில் நான்கு பூக்கடைகள் என் கியூஆரை ஸ்கேன் செய்துவிட்டன. இத்தனை மாதமாக நான் கோபப்பட்டு என்ன கிழித்தேன் என்று தெரியவில்லை.

ஆப்புக்குள் எழுதத்தான் தடை. தெருவில் கத்துவதற்கு இன்னும் யாரும் கமிஷன் கேட்கவில்லை.

கிள்ளான் பக்கம் இதே அளவு தொண்டையுள்ள பூக்கடை அக்கா யாரையாவது தெரிந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.