என் வேட்டைத் துவக்கும் அவருடைய நிபந்தனையும்

எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு கதை பரவத் தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதும். நான் வேட்டைத் துவக்கு வாங்கிய செய்தி, என் கணவர் வேலை செய்யும் மரக்கறிக் கடைக்கு என்னை முந்திக்கொண்டு போய்விட்டது. "அண்ணை, இனி வீட்டிலை வாய் திறக்கேலாது போல" என்று வருகிறவர்களெல்லாம் சீண்டியிருக்கிறார்கள். மனுஷன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

எனக்கோ கால் நிலத்தில் பாவவில்லை. அலுவலகத்துச் சிநேகிதியான பிரெஞ்சுக்காரி ஒருத்தியோடு போய்த் துவக்குச் சுடும் கழகத்தில் சேர்ந்தவள் நான். லைசன்ஸ், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக எடுத்தாயிற்று. இந்தத் துவக்கு அங்கே ஒரு கிழவர் விற்றது, உலகப் போருக்கு முந்தியது. மரப் பிடி கைபட்டுக் கைபட்டுக் கறுத்து மினுங்கும். குண்டேற்றும் போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்து முன்னே தள்ளினால், அடடா, எண்ணெய் போட்ட மேசை லாச்சி மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். இந்தக் காலத்துச் சாமான் ஏதாவது இப்படி வேலை செய்யுமா, சொல்லுங்கள்!

"ஊரிலை இந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள்? இப்ப நீர் அதைக் காசு குடுத்து வாங்கியிருக்கிறீர்" என்றார் அவர். வாணவெடி கேட்டாலே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிற மனுஷன். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒருக்கா கழகத்துக்கு வந்து அந்தச் சத்தத்தைக் கேக்கிறன். தாங்கேலாட்டித் திருப்பிக் குடுத்திடும்."

விஜயதசமி கழிந்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். காதை மூடும் கவசத்தை மாட்டிக்கொண்டு, கையைக் கட்டியபடி எனக்குப் பின்னால் நின்றார். நான் மேசையில் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து விசையை அழுத்தினேன். டமார்! தோளில் ஒரு உதை. இலக்குக்கு மேலே மண்மேட்டில் புழுதி பறந்தது, தாளில் ஒரு கீறல்கூட இல்லை. மறுபடி சுட்டேன். அதுவும் மேலேதான்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. துவக்கைத் திறந்து வெறுமையாக்கிவிட்டுப் பார்த்தேன். குழல்மேல் குறிபார்க்கும் வெட்டுக்குள் மஞ்சளாக என்னவோ காய்ந்து கிடந்தது. சந்தனம்! அதற்கு மேலே குங்குமம் வேறு!

"இதிலை பொட்டு வைச்சது ஆர்?" என்று கத்தினேன்.

"நான்தான். விஜயதசமிப் பூசையிலை காருக்கும் கம்ப்யூட்டருக்கும் வைச்சனான், இதுவும் மேசையிலை கிடந்தது. ஆயுதமெல்லே, விட்டால் குறையாப் போடும்."

"குறி பாக்கிற இடத்திலையோ வைக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? நெத்தி மாதிரி இருந்தது."

எனக்கு வந்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொண்டை ஊசியால் சுரண்டி எடுத்தேன். அவரே கிட்ட வந்து தன் கைக்குட்டையை நீட்டினார்.

"வடிவாத் துடையும்."

அடுத்த குண்டு கறுப்பு வட்டத்தின் நட்ட நடுவில்! ஐயோ, என்ன சந்தோஷம்! துவக்கை வைத்துவிட்டுத் துள்ளிக்கொண்டு திரும்பினேன். அவர் கவசத்துக்கு மேலால் இரண்டு கையாலும் காதைப் பொத்தியபடி சுவரோடு ஒட்டி நின்றார். கவசங்களைக் கழற்றிவிட்டு வெளியே கூட்டிவந்தேன்.

"காணும். திருப்பிக் குடுப்பம்" என்றேன்.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பயம்தான். ஆனா ஊரிலை ஆர் சுடுறாங்கள் எண்டு ஒருநாளும் தெரியாது. இஞ்சை நீர்தானே சுடுறீர். வைச்சிரும்."