சுவரில் கிடைத்த வேஷம்

தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். இலக்கியக் கூட்டங்களில் இதைச் சொல்வதில்லை. என்ன எழுதுகிறீர்கள் என்று யாராவது கேட்டால், மொழிபெயர்ப்பில் இருக்கிறேன் என்பேன். இயக்குநர் விரும்பும் அழுகையைத் தமிழில் பெயர்ப்பதுதானே என் வேலை. முழுப் பொய் இல்லை.

மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்ஸின் கீழ்த்தளத்தில் ஒரு பழைய நடிகர் இருந்தார்; எங்கள் எல்லோருக்கும் மாமா. குணச்சித்திர நடிகர். கதாநாயகனாகவும் ஆக முடியாமல், வில்லனாகவும் ஆக முடியாமல், யாரையும் சிரிக்க வைக்கவும் முடியாதவர்களுக்குக் கோடம்பாக்கம் வழங்கிய பட்டம் அது. கருப்பு வெள்ளைக் காலத்தில் அவர் இல்லாத படம் குறைவு. அவர் பெயர் இருக்கும் படம் அதைவிடக் குறைவு. டைட்டிலில் 'மற்றும் பலர்' என்று வரும்போது, "அதோ நான்" என்பார். டாக்டராக வந்து கண்ணாடியைத் துடைப்பார். நீதிபதியாக வந்து கண்ணாடியை மாட்டிக்கொள்வார். பெண்ணைப் பெற்ற தகப்பனாக வந்தால் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவார். சரிவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவருடைய அபிப்பிராயம். எனக்குத் தெரிந்து வேறு யாரும் இதுபற்றி அபிப்பிராயமே வைத்திருக்கவில்லை.

அவரைக் கடைசியாக யாரோ நடிக்கக் கூப்பிட்டது கலர் வந்த புதிதில். அதன் பிறகும் தினமும் காலையில் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருப்பார். கம்பெனிக் கார் வந்தால் காக்க வைக்கக் கூடாதாம்.

ஒருநாள் வந்தது. அவருக்காக அல்ல, நான் எழுதிய தாள்களை வாங்கிப் போக. புரொடக்ஷன் மேனேஜர் மாடியேறி வந்ததும் என் காதருகே குனிந்தார்.

"இன்னா சார், கீழ குந்திக்கினு கீறாரே, அந்த டாக்டரு, அவரு இன்னும் இருக்காரா?"

"இருக்காரே. இப்பத்தான பார்த்தீங்க."

"நான் செத்துட்டாருன்னுல்ல நெனச்சேன்." சற்று யோசித்தார். "நல்லதாப் போச்சு. நம்ம ஹீரோயின் அப்பா செத்துப்போனவருதான? போட்டோவுக்கு ஒரு மூஞ்சி தேடிக்கினு கீறோம். பாத்தவொடனே செத்தவருன்னு ஜனங்களுக்குத் தோணணும்."

எங்கள் தொடரின் கதாநாயகி, மாமியார் திட்டும்போதெல்லாம் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று அழுபவள். மாமியார் திட்டாத நாள் ஒளிபரப்பு இல்லாத நாள் மட்டுமே.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கையில் மேனேஜர் கீழே போய்ச் சொல்லியேவிட்டார். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. என்னைத் தனியே அழைத்தார்.

"ஓய், சுவத்துல படம் மாட்டியாச்சுன்னா என்ன அர்த்தம்? என்னிக்காவது ஃப்ளாஷ்பேக் வந்தே தீரணும். ஃப்ளாஷ்பேக்குக்குப் போட்டோ வருமா? ஆள்தான் வரணும். மாடிப்படி இருக்கோ அந்த பங்களாவுல?"

இருக்கிறது என்றேன். பெசன்ட் நகரில் வாடகைக்கு எடுத்த பங்களா. மாடிப்படியைக் காட்டாமல் அங்கே காபி தம்ளரைக்கூடப் படமெடுக்க முடியாது.

அவர் மனைவி, மாமிதான் குறுக்கே நின்றாள். "ஏன்னா, உசுரோட இருக்கறவர் படத்துக்கு சந்தன மாலை போட்டு, பொட்டு வெச்சு, சிவப்பு பல்பு போடுவா. அதை நான் பாத்துண்டு இருக்கணுமா?"

"அசடு. எத்தனை படத்துல செத்திருக்கேன், அப்பல்லாம் பேசாமதானே இருந்தே?"

"அதுலல்லாம் நீங்க எழுந்து ஆத்துக்கு வருவேள். இதுல மாட்டிண்டே இருப்பேள்."

கதையமைப்பு பற்றி எங்கள் குழுவில் யாரும் இவ்வளவு துல்லியமாகப் பேசியதில்லை. ஆனால் மாமி தோற்றாள். அவர் அடுத்த நாளே தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டு வந்தார். மேனேஜர் அந்தத் தலையைப் பார்த்து வருத்தப்பட்டு, நரை இருக்கும் பழைய படம் ஒன்றை வாங்கிப் போனார்.

தொடர் ஓடியது. வாழ்நாள் முழுவதும் நடித்ததைவிட அதிக நேரம் மாமா திரையில் இருந்தார், ஒரு தசையைக்கூட அசைக்காமல். எங்கள் நடிகர்களில் அவர் ஒருவர்தான் மிகை நடிப்பு இல்லாதவர் என்று ஒரு பத்திரிகைக்காரர் என்னிடம் சொன்னார். நான் எழுதிய "அப்பா, நீங்க இருந்திருந்தா..." என்ற வரி தமிழ்நாட்டின் பிற்பகல்களை நனைத்தது. அந்த வரியை நானேதான் எழுதினேன். எழுதியபோது எனக்குக் கொட்டாவி வந்தது.

மாமி அன்று முதல் நெற்றியில் குங்குமத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஆனாலும் கபாலி கோயில் வாசலில் அவளுக்கு வாடிக்கையாக மல்லிகை தரும் பூக்காரியின் கை ஒருநாள் பாதியில் நின்றுவிட்டது.

"மாமி... ஐயா?"

"ஆத்துல காபி குடிச்சிண்டிருக்கார். ரெண்டு முழம் குடு."

இதை மாமி எரிச்சலோடு எங்களிடம் சொன்னாள். மாமா பெருமையோடு கேட்டார். ஃப்ளாஷ்பேக் வரும் நாளுக்காக அவர் எங்கள் ஃபிளாட்ஸ் படியிலேயே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். பால்காரர் ஒருமுறை ஓடிவந்து தாங்கிப் பிடித்துவிட்டார். "நல்லா வருதுல்ல?" என்று அவரிடம் கேட்டார் மாமா.

ஃப்ளாஷ்பேக் வந்தது. இயக்குநருக்குக் கதை தீர்ந்துவிட்டால் கடந்த காலம்தான் கைகொடுக்கும். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் எங்கள் தொடருக்கு விளம்பரதாரர். அவருடைய மைத்துனருக்குச் சின்ன வயதிலிருந்தே நடிப்பாசை. தேனாம்பேட்டை ஆபீசில் நடந்த கூட்டத்தில், அப்பா வேஷம் அவருக்கு என்று ஐந்தே நிமிடத்தில் முடிவாயிற்று. கொழுகொழு கன்னம், கட்டை மீசை. படத்தில் இருப்பவருக்கும் இவருக்கும் ஒட்டவில்லையே என்றேன் நான்.

"அப்ப படத்தை மாத்திடுங்க" என்றார் இயக்குநர். வசனம் எழுதுகிறவன் கதையைப் பற்றிப் பேசியதில் அவருக்குக் கொஞ்சம் வியப்பு.

மறுநாள் மேனேஜர் செய்தித்தாளில் சுற்றிய படத்தோடு வந்தார். மாமா வழக்கம்போல் சவரம் செய்த முகத்தோடு வாசலில் இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"நைனா, தப்பா எடுத்துக்காத. ஃப்ளாஷ்பேக் வருது."

"வரும்னு சொன்னேனே." மாமா எழுந்துவிட்டார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "எப்போ கார் அனுப்பறேள்?"

"அதுல வேற ஒருத்தரு வர்றாரு. அதான் இத்த குடுத்துட்டுப் போலாம்னு."

மாமா பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். நின்றவர் உட்காரவில்லை. நெஞ்சைப் பிடிக்கவும் இல்லை. உள்ளேயிருந்து வந்த மாமி அதைப் பிரித்தாள். சந்தன மாலையைக்கூடக் கழற்றாமல் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அவள் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, கண்ணாடி மேலிருந்த பொட்டை முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"எனக்கு நல்ல காலம்" என்றாள். குரல் அப்படி ஒலிக்கவில்லை.

படம் மாறிய பகுதியைப் பார்க்க மாமா என்னையும் கூப்பிட்டார். போகாமல் இருந்திருக்கலாம். மைத்துனர் சுவரில் மீசையோடு தொங்கினார். கொஞ்சம் தாழ்வாக ஆணி அடித்திருந்தார்கள். மாமியார் திட்டினாள். கதாநாயகி ஓடிவந்து நின்று, "அப்பா, நீங்க இருந்திருந்தா..." என்று தேம்பினாள். அப்பாவின் முகமே மாறிப்போனது அவளுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டுக்கும் தெரியவில்லை. ஒரு கடிதம்கூட வரவில்லை.

"ஓய்" என்றார் மாமா. நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். "அவ கண்ணைப் பாரும்."

பார்த்தேன்.

"அவனைப் பாக்கலை. ஒரு சாண் மேல பாக்கறா. அங்க யார் இருந்தா?"

பழக்கம்தான். மாதக்கணக்கில் ஒரே இடத்தைப் பார்த்து அழுத கண்கள் தாமாகவே அங்கே போகின்றன. கேமராவுக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் வெறும் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"நீங்கதான் இருந்தேள்" என்றேன்.

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "இதை நாளைக்கு அங்க போய்ச் சொல்லிடாதேயும். ஆணியை மாத்திடப் போறா."

சொல்லவில்லை. என் பேச்சைக் கேட்டு அங்கே யாரும் ஒரு கமாவைக்கூட மாற்றியதில்லை. ஆணிக்கு ஒரு ஆபத்தும் இல்லை என்று அவரிடம் விளக்கியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. மாமி அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள்; திரையில் கதாநாயகி அழுது முடிக்கும் வரை அவர் அதைத் தொடவில்லை.