ஆவுடையம்மாளின் மாவு பெஞ்சு

ஆவுடையம்மாள் அக்காவின் மாவு வியாபாரம் பெருகியதற்கு நான்தான் காரணம். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. இப்போது சொல்லும்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அக்காவின் கணவர் ராமர் மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். தொண்ணூற்று ஐந்தில் காமாலை கண்டு போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. எர்ணாகுளத்துக்கு எதிர்க்கரையான மட்டாஞ்சேரியில், ஜூ டவுன் என்கிற யூதர் தெருவின் மசாலாக் கிடங்குகளுக்குப் பின்னால், சுக்கு நெடி அடிக்கிற சந்தில் ஒற்றை அறை வீடு. அதில் ஒரு கிரைண்டரை வாங்கிப் போட்டு அக்கா இட்லி மாவு விற்க உட்கார்ந்தார்.

தொழிலை யாரும் சொல்லித் தரவில்லை. மழைக்காலத்தில் மாவு பொங்காமல் கிடந்தது, கோடையில் மத்தியானத்துக்குள் புளித்து வழிந்தது. ஒரு வருஷம் சாக்கடையில் கொட்டிக் கொட்டித்தான் பக்குவம் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு நாலு மணிக்கெல்லாம் பெண்கள் தூக்குவாளியோடு வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். அக்கா அள்ளி ஊற்றி முடிப்பதற்குள் சந்தின் கதை முழுவதும் ஓடிவிடும். நான் வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் குமாஸ்தா. சனிக்கிழமை அரை நாள் என்பதால் நானும் போய் நிற்பேன். இன்றைக்கு என்ன கப்பல் வந்தது என்று அக்கா தவறாமல் கேட்பார். படகில்கூட ஏறாத மனுஷிக்குக் கப்பல் மேல் அப்படியொரு ஆசை.

ஒரே சிக்கல், விளக்கு. விளக்கு வைத்த பிறகு உப்பும் ஊசியும் மோரும் வெளியே கொடுக்கக் கூடாது என்பது நானும் அக்காவும் பிழைக்க விட்டுவந்த தமிழ் ஊர்ப் பக்கத்து வழக்கம். அந்த வரிசையில் அக்கா தாமாகவே மாவையும் சேர்த்துவிட்டார். ஆறு மணிக்கு விளக்கு. ஆறரைப் படகில் வேலை முடிந்து இறங்கும் கூட்டத்துக்குத்தான் மாவு அதிகம் வேண்டும். அவர்களைப் பார்த்து, "வெளக்கு வச்சாச்சு மோளே, நாளைக்கு வா" என்று கதவைச் சாத்துவார். பானையில் மாவு மிஞ்சும். வாடகையோ ஏறிக்கொண்டே போனது. ஊருக்கே போய்விடலாமா என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். கிரைண்டரைக் கழுவப் போய்விட்டார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது.

"வெளக்குக்கு முந்தியே கவர்ல போட்டு வெளிய பெஞ்சுல வச்சிருங்க அக்கா. அவங்களே எடுத்துட்டுப் போவட்டும். நீங்க குடுக்கலையே?"

இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தார்.

ஆறே மாதத்தில் இரண்டாவது கிரைண்டர் வந்தது. பெஞ்சு நீண்டது. நாலு மணிப் பெண்களும் தூக்குவாளியை மறந்து, போகிற போக்கில் கவரை எடுத்துக்கொண்டு, காசை டப்பாவில் போட்டுவிட்டு நடந்தார்கள். எர்ணாகுளத்திலிருந்துகூட ஒரு கடைக்காரர் ஆட்டோவில் வந்து மூட்டையாக அள்ளிப் போனார். யாருக்கும் கதவைத் தட்ட வேண்டிய வேலை இல்லை. எனக்கும்தான். ஏழு வருஷம் எடுத்தேன், போட்டேன், போனேன். உள்ளே கிரைண்டர் ஓடுகிறது, வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று எனக்குத் திருப்தி வேறு.

இரண்டாயிரத்து நான்கில், ஒரு புதன்கிழமை, ஆறரைப் படகில் வந்து இறங்கினேன். பெஞ்சு காலி. ஒரு கவர்கூட இல்லை. அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து கதவைத் தட்டினேன்.

கதவு உடனே திறந்தது. தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டே நின்றிருப்பார் போல. தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையில் ஒரு கவர் மாவு.

"உனக்குள்ளத உள்ள எடுத்து வச்சேன்" என்று நீட்டினார்.

"வெளக்கு வச்சாச்சே அக்கா."

"வச்சாச்சுதான். வெளிய வச்சா நீ தட்ட மாட்டியே தம்பி. நான் பேசி நாலு நாளாச்சு."

வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கவரை வாங்கிக்கொண்டேன். அவர் கதவைச் சாத்தவில்லை.

"இன்னைக்கு என்ன கப்பல் வந்துச்சு?"

அன்றைக்குக் கப்பல் எதுவும் வரவில்லை. பெரிய கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்தக் காலி பெஞ்சில் உட்கார்ந்தேன்.