மகளுக்காகச் சிலிண்டர் நிரப்பிய நாள்

என் மகள் கண்ணாடிக் குச்சிகளை டார்ச் என்னும் ஊதுகுழலின் நெருப்பில் உருக்கி மணிகள் செய்கிறாள். மலைமேல் செம்மேட்டில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் அவளுடைய பட்டறையாக இருந்தது. அந்த நெருப்புக்கு எரிவாயு மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். அதற்குக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் ஒன்று வைத்திருந்தாள். நோயாளிகளின் கட்டிலருகே நிற்குமே, அதே பெட்டிதான். சின்ன மணிகளுக்கு அது போதும். பெரிய கண்ணாடிக்கு ஈடுகொடுக்காது. ஆகவே அவள் வேலை செய்யாத நேரத்தில் அந்த ஆக்சிஜனை ஒரு கம்ப்ரசர் இழுத்துச் சிலிண்டரில் அடைத்து வைக்கும்.

மலையில் இந்த இயந்திரங்கள் ஒழுங்காக ஓடுவதே அபூர்வம். மழை மாதங்களில் ஈரம் உள்ளே போய் ஆக்சிஜனின் தூய்மை குறையும். பெட்டியில் எரியும் பச்சை விளக்கு மஞ்சளாகும், சுடர் சோம்பிப்போய்க் கண்ணாடியில் கரி படியும். மின்னழுத்தம் இறங்கினால் கம்ப்ரசர் முனகிவிட்டு நிற்கும். நிற்கும்போதெல்லாம் மகள் சொல்வாள்: "கீழ போயிட்டா இந்தத் தொல்லையே இல்லம்மா."

மலையடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில் அவள் தோழி வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. எனக்கோ இங்கே பள்ளிக்கூட வேலை. அவள் அப்பா போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இயந்திரங்கள் ஓடினால் அவள் இருப்பாள் என்று நினைத்தேன். அதனால்தான் அவற்றைக் கற்றுக்கொண்டேன். வடிகட்டிப் பஞ்சைக் கழுவி, முழுக்கக் காயவைத்துப் போடுவேன். குழாய் எங்கேனும் மடிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஸ்டெபிலைசரைக் கவனித்த பிறகே சுவிட்சைத் தொடுவேன். மகள் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான். ஆக்சிஜன் போகும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படவே கூடாது, அழுத்தத்தில் அது தானாகவே பற்றிக்கொள்ளும். தலைக்கு எண்ணெய் வைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் நான் பட்டறைக்குள் போனதில்லை.

சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, தோழி வீட்டு அறையை மறுபடி பார்க்க அவள் கீழே போனாள். அவள் திரும்புவதற்குள் சிலிண்டரை நிரப்பிக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. கம்ப்ரசரை ஓடவிட்டேன். சத்தம் வந்தது, அழுத்தம் காட்டும் கேஜில் முள் ஏறவில்லை. விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. வடிகட்டியும் சுத்தம். சோப்பு நுரையை மூட்டுகளில் தடவிப் பார்த்தேன். சிலிண்டருக்குப் போகும் மூட்டில் குமிழி கிளம்பியது. நிறுத்திவிட்டு ஸ்பானர் போட்டேன். என் பலத்துக்கு அது அசையவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த மிளகுக்கார அண்ணனைக் கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, பாடம் எடுக்கறத உட்டுட்டு மெக்கானிக் கடை போட்டுட்டீங்களாக்கும்?"

"நீங்க இத இறுக்கிக் குடுங்கண்ணா, கடைக்கு உங்க பேரையே வெச்சுர்றேன்."

அவருக்கு டீ போட அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தபோது கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. முள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கைதட்ட வேண்டும் போலிருந்தது.

"எப்படிங்கண்ணா?"

"மரையில துளி கிரீஸ் வெச்சு முடுக்குனேனுங்க. இனி மூச்சு உடாது பாருங்க."

டீ டம்ளரை அங்கேயே போட்டேன். அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். மெயின் சுவிட்ச் வாசலில் இருந்தது நல்லதாகப் போயிற்று. அணைத்துவிட்டு மகளுக்குப் போன் செய்தேன். கேட்டதும் படபடவென்று சொன்னாள்:

"உள்ள போகாதம்மா. வால்வத் தொடாத. ரோட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க ரெண்டு பேரும். நான் வாரேன்."

தூறலில் நின்றோம்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் வெச்சனுங்க," என்றார்.

"தெரியுமுங்கண்ணா."

"வெடிச்சுருமுங்களா?"

"தெரியலீங்க."

அதன்பிறகு அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் வெடிக்கவில்லை. ஆனால் அவர் அதைச் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதிலிருந்து என் மனம் இன்னும் மீளவில்லை. சிலிண்டர் நிரம்பிவிட்டது என்று நானே பெருமையாகச் சொல்லியிருப்பேன். அவள் ஆசையாகப் போய்க் குனிந்து வால்வைச் சட்டென்று திருகியிருப்பாள், அந்த அழுத்தம் கிரீஸில் பாய்ந்து பற்றியிருக்கும்.

பஸ் வந்தது. மகள் என்னைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, கதவு ஜன்னல்களையெல்லாம் திறந்து, தனியாக உள்ளே போனாள். வால்வை மெல்ல மெல்லத் திறந்தாள் போலும், சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் வெளியேறும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டது. பிறகு அது அடங்கியது. மூட்டையும் குழாயையும் கழற்றி ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"புதுசு வாங்கிப் போட்டுக்கலாம்மா," என்றாள். "அந்த ரூம்காரங்ககிட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. நீ இருன்னு சொன்னா இங்கயே இருந்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மாதக்கணக்கில் பஞ்சைக் கழுவினேன், குழாயைப் பார்த்தேன். 'இரு' என்பது வாயருகே வந்தது. அவள் கன்னத்தில் அந்தக் கிரீஸ் ஒரு துளி ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தேன்.

"பட்டறையக் கீழயே போட்டுக்க கண்ணு," என்றேன்.

கார்த்திகையில் ஒரு வேன் வைத்துப் பட்டறைச் சாமான்களோடு அவளும் கீழே இறங்கிப் போனாள். இப்போது மாலையில் பள்ளி விட்டு வந்ததும் அவளுக்குப் போன் செய்கிறேன். டார்ச் எரியும்போது அவள் எடுக்கமாட்டாள் என்று தெரியும். தெரிந்துதான் செய்கிறேன். எடுக்காவிட்டால் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. அவள் திரும்பக் கூப்பிடும்வரை போனும் கையுமாக வாசலில் நடக்கிறேன்.